சத்தெடுத்த தண்ணீர்

பி.ஏ. படித்துவிட்டு எண்ணெய்த் துணியும் கையுமாக நின்றவன் அந்தக் காலத்தில் இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் நடுவில் ஒரே ஒருத்தன்தான் இருந்தான். பெயர் சிதம்பரநாதன். ஹட்டன் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த சோமசுந்தரம் பிள்ளையின் ஒரே மகன். திருச்சிராப்பள்ளிக்குப் போய்த் தத்துவம் படித்து, 1933இல் பட்டத்தோடு திரும்பி வந்தான். தத்துவம் படித்தவனுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவே தேவையில்லை, பிள்ளை எல்லாவற்றையும் முடிவுசெய்து வைத்திருந்தார். மகன் கொழும்பில் சட்டம் படிப்பான், புரொக்டர் ஆவான், கடைக்கு மேலேயே ஆபீஸ் போடுவான். அதற்காக மேல்மாடியிலிருந்த துணிமூட்டைகளை இறக்கிவிட்டு மேசை, சாய்வு நாற்காலி, கண்ணாடி அலமாரி எல்லாம் வாங்கிப் போட்டாயிற்று. வழக்கு மட்டும்தான் வரவேண்டும்!

மகனுக்கோ அந்த அறைக்குள் போனாலே மூச்சு முட்டியது. சட்டப் புத்தகத்தைக் கையில் எடுப்பான், இரண்டு பக்கம் புரட்டுவான், எழுந்து ஜன்னலருகே போவான். கடைக்கு இறங்கி வருவான். அங்கே சீட்டித்துணியை மல்வேட்டி அடுக்கில் வைத்துவிட்டு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, ரயில் நிலையத்துக்குப் போய் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். "உனக்கு என்னதான்டா வேணும்?" என்று தாய் சண்முகவடிவு கேட்டால், "தெரியலம்மா" என்பான். அது பொய்யில்லை. எதையோ செய்யவேண்டும் என்று கை பரபரக்கும், எதை என்றுதான் தெரியாது. இப்படி ஓர் இம்சை எதிரிக்குக்கூட வரவேண்டாம்.

அப்படி ஒருநாள் ரயில் நிலையத்தில் நின்றபோதுதான் அந்தப் பெரிய மரப்பெட்டிகள் வந்து இறங்கின. மஸ்கெலியாப் பக்கம் வெள்ளிக்கல் தோட்டத்துத் தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கு வந்த சாமான் அது. அதுவரை எண்ணெய் எஞ்சின் வைத்து ஓடிக்கொண்டிருந்த ஸ்டோர், இனிமேல் மலையிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீரால் சக்கரம் சுற்றி, அந்தச் சக்கரம் உண்டாக்கும் கரண்டில் ஓடப்போகிறது என்றார்கள். கொழும்பிலிருந்து கூடவே வந்த வெள்ளைக்கார எஞ்சினியருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. பெட்டி தூக்க வந்த ஆட்களுக்கு இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாது. அவர் கத்தக் கத்த அவர்கள் பெட்டியைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். சிதம்பரநாதனுக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே புகுந்து நாலு வார்த்தை இந்தப் பக்கமும் நாலு வார்த்தை அந்தப் பக்கமும் சொன்னான். பெட்டி நேரானது. எஞ்சினியர் அவனை ஏற இறங்கப் பார்த்து, "லாரியில் ஏறிக்கொள், வேலை முடியும்வரை எனக்கு நீ வேண்டும்" என்றார். ஏறிவிட்டான்! வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் பஸ்காரர் ஒருவர் கடைவாசலில் நிறுத்தி, "பிள்ளைவாள், உங்க மகன் வெள்ளிக்கல் தோட்டத்துல இருக்காராம், தேட வேணாம்னு சொல்லச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைக்கு அந்த நிமிடம் வந்த கோபத்தில் அளந்துகொண்டிருந்த துணியை அப்படியே கிழித்துவிட்டாராம்.

மொழிபெயர்க்கப் போனவன் மொழிபெயர்த்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் "இந்தத் திருகாணியை இறுக்கச் சொல்" என்று எஞ்சினியர் சொன்னால், சொல்லிவிட்டுச் சும்மா இருக்க அவனால் முடியவில்லை. ஏன் இறுக்கவேண்டும், இறுக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுக் குடைந்தான். அவர் எரிந்து விழுந்தால் இயந்திரத்தோடு வந்த புத்தகத்தைப் பிடுங்கிப் படித்தான். பின்னால் கரண்டு வந்த பிறகு இரண்டு தடவை அடிபட்டுத் தூக்கி எறியப்பட்டான். மலைமேல் ஓடையை மறித்து அணை கட்டினார்கள், அங்கிருந்து வாய்க்கால் வெட்டினார்கள், வாய்க்கால் வந்து விழ ஸ்டோருக்கு மேலே தொட்டி கட்டினார்கள், தொட்டியிலிருந்து கீழே குழாய் பதித்தார்கள். எல்லா இடத்திலும் அவன் இருந்தான். முதல்முதலாகச் சக்கரம் சுற்றி ஸ்டோரில் விளக்கு எரிந்த சாயங்காலம், எல்லாரும் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் மட்டும் சக்கரக் கூண்டின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாளாகத் தன் நெஞ்சுக்குள் ஓடியதும் இதேதான் என்று அவனுக்குப் பட்டது. அன்றைக்குத்தான், தனக்கு என்ன வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்தது.

எஞ்சினியர் கொழும்புக்குத் திரும்பினார். தோட்டத்தை நடத்தும் பெரிய துரை, சக்கரத்தைப் பார்த்துக்கொள்ளச் சிதம்பரநாதனை வைத்துக்கொண்டார். ஆனால் நிரந்தரமாக அல்ல. கம்பெனி சார்பில் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கும் விசிட்டிங் துரை வருவார், ஸ்டோர் ஓடுகிற அழகைப் பார்ப்பார், அவர் சரி என்றால் சரி. இல்லையென்றால் பழைய எண்ணெய் எஞ்சினையே திரும்பப் பூட்டிவிட்டு இவனையும் அனுப்பிவிடுவார்கள்.

சோமசுந்தரம் பிள்ளை ஒருமுறை மகனைக் கூட்டிப்போக வாடகைக் கார் பிடித்து வந்தார். முழங்கைவரை கரியும் எண்ணெயுமாக வந்து நின்ற மகனைப் பார்த்ததும் காரைவிட்டு இறங்கவே இல்லை.

"கூலி வேலைக்கா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேன்? வெளியில தலைகாட்ட முடியலடா. என்ன வேலை பாக்குறான்னு நாலு பேர் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"கரண்டு வேலைப்பா."

"அது ஒரு வேலையா? கண்ணுக்குத் தெரியுமா, கையில புடிக்க முடியுமா?"

கடைசியில் சண்முகவடிவு இடையில் புகுந்து ஓர் உடன்பாடு செய்துவைத்தாள். விசிட்டிங் துரை வந்து இவனை நிரந்தரமாக வைத்துக்கொண்டால் அப்பா இனி வாய் திறக்கக்கூடாது. வேண்டாமென்றால் மறுபேச்சுப் பேசாமல் மகன் கொழும்புக்குச் சட்டம் படிக்கப் போகவேண்டும். இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து சிதம்பரநாதனுக்குத் தூக்கம் போயிற்று. சாப்பிட உட்கார்ந்தால் சக்கரச் சத்தம் மாறியதுபோல் இருக்கும், பாதியில் எழுந்து ஓடுவான். ஓடிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. "கரண்டு ஐயாவுக்குக் கால்ல கரண்டு ஏறிப்போச்சு" என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சிரித்தார்கள்.

பங்குனியில் மாரியம்மன் திருவிழா வந்தது. வினையும் அதோடு வந்தது.

திருவிழாவின் கடைசி நாள் லயத்துப் பெண்கள் முளைப்பாரி கரைப்பார்கள். பானைகளில் எருவும் வைக்கோலும் இட்டு, தானியம் விதைத்து, வெயில் படாத அறையில் வைத்து, சுற்றிக் கும்மியடித்து வளர்த்த பயிர். அதைத் தலையில் சுமந்து ஊர்வலமாகப் போய்க் கோயிலுக்குக் கீழே ஓடுகிற ஓடையில் விடுவது வழக்கம். இந்த வருஷம் ஓடை எங்கே? தண்ணீரைத்தான் மேலேயே மறித்து வாய்க்காலில் திருப்பியாயிற்றே! கோயிலுக்குக் கீழே கல்லும் மணலும்தான் கிடந்தன. இதைப் பற்றித் துரையும் யோசிக்கவில்லை, எஞ்சினியரும் யோசிக்கவில்லை, தத்துவம் படித்த நம்முடைய ஆளும் யோசிக்கவில்லை.

முளைப்பாரி எடுக்கும் பெண்களுக்குத் தலைமை அன்னம்மா. கொழுந்து பறிக்கிறவள், பேச ஆரம்பித்தால் கங்காணியே ஒதுங்கிப்போவார். நாலைந்து பேரோடு ஸ்டோருக்கே வந்துவிட்டாள்.

"ஐயா, எங்க ஓடைய நீங்கதான் கொண்டு போயிட்டீங்க. ஒரு மத்தியானத்துக்குத் திருப்பி வுடுங்க. பாரியக் கரைச்சிட்டுத் தந்துடுறோம்."

அதே மத்தியானம்தான் விசிட்டிங் துரை வருவதாக இருந்தது. கோடைகாலம், தண்ணீரே ஒட்ட ஒட்டத்தான் வந்துகொண்டிருந்தது. தண்ணீரை ஓடைக்கு விட்டால் சக்கரம் நின்றுபோகும்.

"அன்னம்மா, தண்ணி எங்கேயும் காணாமப் போகல. சக்கரத்தச் சுத்திட்டு ஸ்டோருக்குக் கீழ வெளிய வந்து அதே ஓடையிலதான சேருது? அங்க கரைச்சுக்குங்க. நல்லா நிறையத் தண்ணி ஓடுது."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்னம்மா தலையை ஆட்டினாள். "அது சத்தெடுத்த தண்ணிங்கய்யா."

"என்னது?"

"அதுல இருந்த சக்தியத்தான் கரண்டா உறிஞ்சிட்டீங்களே. மிச்சம் சக்கைதான? கரும்பப் புழிஞ்சிட்டுச் சக்கைய ஆத்தாளுக்குப் படைப்பாங்களா? அதுல பாரிய வுட்டா மழை பெய்யுமா, புள்ளகுட்டி தழைக்குமா?"

அவன் விளக்கிச் சொல்லிப் பார்த்தான். விழுகிற வேகத்தில்தான் சக்கரம் சுற்றுகிறது, தண்ணீரிலிருந்து எதையும் எடுக்கவில்லை என்றான். "எதையும் எடுக்கலேன்னா வெளக்கு எப்படிங்க எரியுது?" என்று கேட்டாள் அன்னம்மா. அவனுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"அப்படீன்னா எங்க வேணும்னாலும் போய்க் கரைங்க! என் உயிர வாங்காதீங்க!" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டான்.

கோபத்தில் சொன்ன வார்த்தை. ஆனால் அவர்கள் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார்கள். ஐயாவே எங்கே வேண்டுமானாலும் என்று சொல்லிவிட்டார், அப்புறம் என்ன?

அந்த நாளும் வந்தது. விசிட்டிங் துரை பங்களாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பாடு முடிந்ததும் ஸ்டோருக்கு வருவார்கள் என்று பெரிய துரை ஆள் அனுப்பியிருந்தார். வாடிய கொழுந்து ரோலர்களில் அரைபட்டுக்கொண்டிருந்தது. சிதம்பரநாதன் சக்கரத்துக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தூரத்தில் கோயில் மேளம் கேட்டது. அப்பா அம்மனுக்குப் பட்டு கொண்டுவந்திருக்கிறார் என்றும், திரும்பும்போது இவனையும் கூட்டிப்போகப் பெட்டி கட்டச் சொல்லப்போகிறார் என்றும் யாரோ சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

திடீரென்று விளக்குகள் மங்கின. ரோலர்கள் முக்கி முனக ஆரம்பித்தன. சக்கரத்தின் சத்தம் தேய்ந்துகொண்டே போயிற்று. இந்தத் தடவை பிரமையில்லை.

ஓடினான். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் விழுந்து எழுந்து, கைகால் சிராய்த்து, மேலே தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு உலகமே இருண்டது. வாய்க்கால் தொட்டியில் விழும் வாயில், குப்பை உள்ளே போகாமல் தடுக்க ஒரு கம்பிச் சல்லடை உண்டு. அந்தச் சல்லடை முழுக்கப் பச்சைப் பசேலென்று முளைப்பாரி! வேரும் மண்ணும் வைக்கோலுமாகப் பாய் பாயாக வந்து ஒட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகாமல் அடைத்துக்கொண்டிருந்தது. வாய்க்கால் கரை மீறி வழிந்தது. தொட்டியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. அவன் வீட்டிலும் முளைப்பாரி போடுவதுண்டு, கிண்ணத்தில் ஒரு கைப்பிடி. தோட்டம் முழுவதும் சேர்ந்து வளர்த்தால் இவ்வளவு வருமென்று அவன் கனவில்கூட நினைக்கவில்லை.

கரையில் ஈரச்சேலையோடு பெண்கள் குலவையிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் வாய்க்காலில் குதித்து ஒரு பாரியைப் பிடித்து இழுத்தான். குலவை சட்டென்று நின்றது.

"ஐயா! கைய எடுங்க!" அன்னம்மா தண்ணீருக்குள் இறங்கி அவனுக்கும் சல்லடைக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டாள். "தண்ணில வுட்ட பாரியத் திருப்பி எடுக்குறதா? குடும்பம் வெளங்குமா? நீங்கதான எங்க வேணும்னாலும் கரைங்கன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்! தெரியாமச் சொல்லிட்டேன்! தள்ளுங்க!"

அவள் தள்ளவில்லை. மற்றவர்களும் இறங்கி அவள் பக்கத்தில் நின்றார்கள். அப்போதுதான் மேட்டில் குடையும் அங்கவஸ்திரமுமாக மூச்சு வாங்கிக்கொண்டு சோமசுந்தரம் பிள்ளை ஏறி வந்தார். ஊர்வலத்தோடு வர முடியாமல் பின்தங்கி வந்தவர். சல்லடையைப் பார்த்தார், சேறும் சகதியுமாக நின்ற மகனைப் பார்த்தார். வியாபாரி அல்லவா, நிலைமை புரிய அவருக்கு நேரம் ஆகவில்லை.

"என்ன, சக்கரம் நின்னுடுமா?"

"இன்னும் கொஞ்ச நேரத்துல நின்னுடும்பா. துரை வந்துடுவாரு."

"நின்னா வேலை போயிடும். அவ்வளவுதானே?" பிள்ளையின் குரல் ஆச்சரியமாக மென்மையாக இருந்தது. "போகட்டும்டா. சாமி காரியத்துல கைய வைக்காத. கரையேறு, வீட்டுக்குப் போவோம். அம்மா பாத்துக்கிட்டு இருக்கா."

நியாயமான பேச்சு. புண்ணியமும் கிடைக்கும், பாவமும் வராது, ஊரும் வாழ்த்தும். வாய்க்காலைவிட்டு ஏறினால் போதும். ஏறுவதற்கு அவன் காலைக்கூடத் தூக்கினான். தூக்கியவனுக்கு அந்த மேல்மாடி அறையும் கண்ணாடி அலமாரியும் கண்ணுக்கு முன்னால் வந்தன. காலைத் திரும்பத் தண்ணீரிலேயே வைத்தான்.

"அப்பா, எனக்கு இது வேணும்பா. இத்தன வருஷத்துல உங்ககிட்ட எதையாச்சும் வேணும்னு கேட்டிருக்கேனா? எனக்கு எது வேணும்னே தெரியாம இருந்துச்சு. இதுதான்பா வேணும்."

பிள்ளை குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். பிறகு அன்னம்மாவைப் பார்த்து, "கீழ ஸ்டோருக்குப் பின்னால தண்ணி வருதே, அதுல விட்டா என்ன?" என்று கேட்டார்.

"அது சத்தெடுத்த தண்ணிங்க முதலாளி. சக்கை."

"யார் சொன்னா?"

"பாத்தாத் தெரியலீங்களா?"

"நானே குடிச்சுக் காட்டவா?" என்றான் சிதம்பரநாதன்.

"நீங்க குடிச்சா ஆச்சா? நீங்க கோயில் பக்கமே வராத ஆளு" என்று அன்னம்மா ஒரு வெட்டு வெட்டினாள்.

பிள்ளையோ அன்றைக்கு அம்மனுக்குப் பட்டு கொண்டுவந்தவர். கடைவீதியில் மூன்று தெரு தாண்டிப் போனாலும் தாகத்துக்கு வீட்டுத் தண்ணீர் தவிர வேறு தொடாத மனிதர் அவர். "அன்னம்மா, நீ என்கூட வா" என்று சொல்லிவிட்டு, குடையை ஊன்றிச் சரிவில் இறங்க ஆரம்பித்தார். அன்னம்மா போகிற போக்கில் மற்றப் பெண்களிடம், "யாரும் அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தொட்டிக்கரையிலிருந்து பார்த்தால் ஸ்டோரின் பின்பக்கம் தெரியும். சிதம்பரநாதன் மேலேயிருந்து பார்த்தான். சக்கரக் கூண்டுக்குக் கீழிருந்து வரும் தண்ணீர் நூலாக இளைத்துவிட்டது. அப்பா அதன் ஓரத்துக்குப் போனார். செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக் குந்தினார். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். மறுபடி அள்ளினார், குடித்தார். இன்னொரு தடவையும் அள்ளிக் குடித்தார். பிறகு அன்னம்மாவிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பது மேலே கேட்கவில்லை. ஆனால் அன்னம்மா குனிந்து தானும் ஒரு கை அள்ளி வாயில் விட்டுக்கொண்டாள். நிமிர்ந்து மேலே பார்த்து, இரண்டு கையையும் வாயருகே வைத்துக் குலவையிட்டாள்.

அவ்வளவுதான்! கீழே ஓடுவதும் ஆத்தாள் தண்ணீர்தான் என்று அன்னம்மாவே ஒத்துக்கொண்டபின் பாரியை எடுப்பதில் குற்றமில்லை, மேலே இருந்த பெண்களே தண்ணீருக்குள் குனிந்து பாரிகளை எடுத்துத் திரும்பவும் பானையில் வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். சிதம்பரநாதன் எடுத்து எடுத்துக் கொடுத்தான். கண்ணில் தண்ணீர் வந்ததா வாய்க்கால் தண்ணீர் தெறித்ததா என்று அவனுக்கே தெரியாது. சல்லடை திறந்ததும் வாய்க்கால் ஹோவென்று தொட்டிக்குள் பாய்ந்தது.

துரைகள் ஸ்டோருக்குள் வந்தபோது விளக்குகள் பளிச்சென்று எரிந்தன, ரோலர்கள் உருண்டன. சொட்டச் சொட்ட நின்ற சிதம்பரநாதனைப் பார்த்து விசிட்டிங் துரை, "குளித்தாயா?" என்று கேட்டார். "ஆமாம் சார்" என்றான். சக்கரத்தைக்கூட அவர் சரியாகப் பார்க்கவில்லை. அரைத்த கொழுந்தை முகர்ந்து பார்த்தார், பெரிய துரையிடம் தலையசைத்தார், போய்விட்டார். இதற்காகவா இத்தனை பாடு என்று சிதம்பரநாதனுக்கு ஆத்திரமாக வந்தது. பெரிய துரை மட்டும் வாசலில் நின்று திரும்பி, "இனி இது உன் வேலைதான்" என்றார்.

அப்பாவிடம் சொல்லவேண்டும் என்று பின்பக்கம் ஓடினான். அங்கே பாரிகள் எல்லாம் கரைந்து போயிருந்தன. அன்னம்மா மட்டும் பானைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா எங்க?"

"அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போயிட்டாங்களே."

"ஒண்ணுமே சொல்லலியா?" பாதைப் பக்கம் எட்டிப் பார்த்தான். பஸ் போன புழுதிகூட அடங்கிவிட்டிருந்தது. வென்ற மனிதனாக அவன் அங்கே நிற்கவில்லை. அப்பா என்றைக்குமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தான். அவர் வீம்பு அவனுக்குத் தெரியும்.

"எங்கிட்டச் சொன்னாங்க" என்றாள் அன்னம்மா, பானையிலிருந்து கண்ணை எடுக்காமல். "போறப்போ பூசாரிகிட்டக் காலிப் பன்னீர்ப் போத்தல் ஒண்ணு கேட்டு வாங்கிக்கிட்டு வந்து, இந்தத் தண்ணியப் புடிச்சிக்கிட்டாங்க. எதுக்குங்க முதலாளின்னு கேட்டேன். 'வீட்டுல இவன் அம்மா கேப்பா, புள்ள என்ன வேலை பாக்குறான்னு. எனக்குச் சொல்லத் தெரியாது. இதக் குடுத்துடுறேன்'னாங்க."